ஜாங்கோவில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதையும் ஹாஷ் செய்வதையும் சேவ் மெத்தடில் ஏன் வைக்கக் கூடாது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பைத்தான் மொழியில் வலைத்தளம் எழுதும் கட்டமைப்பான ஜாங்கோவில் சொந்தமாக ஒரு பயனர் மாடல் (பயனரின் விவரங்களைத் தாங்கும் தரவு வடிவம்) எழுதி, அதைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் சேவ் மெத்தடுக்குள்ளேயே இரண்டு வேலைகளைச் செய்கிறீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு நான்கும் இருக்கின்றனவா என்று ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பார்க்கிறீர்கள். பிறகு ஜாங்கோவின் மேக்_பாஸ்வேர்ட் கொண்டு ஹாஷ் செய்து, அதாவது மூலச் சொல்லைத் திரும்பப் பெற முடியாத ஒரு சரமாக மாற்றி, தரவுத்தளத்தில் எழுதுகிறீர்கள். ஏபிஐ (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயில்) வழியே பதிவு செய்தவர்களால் உள்நுழைய முடிகிறது. ஆனால் அவர்கள் தங்கள் சுயவிவரத்தில் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமித்ததும் வெளியேற்றப்படுகிறார்கள். அதன்பின் அதே கடவுச்சொல் ஏற்கப்படுவதில்லை. கட்டளை வரியில் உருவாக்கிய நிர்வாகிக் கணக்கால் ஒருமுறைகூட உள்நுழைய முடியவில்லை. மேக்_பாஸ்வேர்டை விட்டுவிட்டு ஷா-256 என்ற பொதுவான ஹாஷ் முறையை நேரடியாகப் பயன்படுத்தினால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தீராது, ஏனெனில் கோளாறு ஹாஷ் முறையில் இல்லை, அது நிகழும் இடத்தில் இருக்கிறது. சேவ் என்பது ஒரு பதிவின் வாழ்நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கப்படக்கூடியது. முதல்முறை அழைக்கப்படும்போது பாஸ்வேர்ட் புலத்தில் பயனர் தட்டச்சு செய்த சொல் இருக்கிறது, அதை ஹாஷ் செய்கிறீர்கள், சரி. தொலைபேசி எண்ணை மாற்றி மீண்டும் சேமிக்கும்போது அதே புலத்தில் இருப்பது முந்தைய ஹாஷ். உங்கள் நிரல் அந்த ஹாஷையே எடுத்து இன்னொருமுறை ஹாஷ் செய்துவிடுகிறது. பயனர் வெளியேற்றப்படுவதற்கும் இதுவே காரணம். ஜாங்கோ ஒவ்வொரு செஷனிலும் (உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் பதிவு) பாஸ்வேர்ட் ஹாஷிலிருந்து கணக்கிட்ட ஒரு மதிப்பை வைத்திருந்து, அடுத்த கோரிக்கையில் அது பொருந்தாவிட்டால் கடவுச்சொல் மாற்றப்பட்டதாகக் கருதி அந்தச் செஷனை அழித்துவிடும். நிர்வாகிக் கணக்கின் கதையும் அதுதான்: கிரியேட்சூப்பர்யூசர் கட்டளை முதலில் தானே ஹாஷ் செய்துவிட்டுத்தான் சேவை அழைக்கிறது, ஆகவே அந்தக் கணக்கு பிறக்கும்போதே இரட்டை ஹாஷோடு பிறந்தது. உங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இதில் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஹாஷ் செய்த சரத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், டாலர் குறி எல்லாமே இருப்பதால், அது உங்கள் சோதனையில் எந்தப் பயனரின் கடவுச்சொல்லையும்விடச் சிறப்பாகத் தேறிவிடும்.

இதைவிட மோசமான ஒன்று இன்னும் உங்களுக்கு நிகழவில்லை. ஜாங்கோவின் புதிய பதிப்புக்கு மாறும்போது ஹாஷின் சுழற்சி எண்ணிக்கை, அதாவது அந்தக் கணக்கு எத்தனை முறை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது என்பது, பெரும்பாலும் உயர்த்தப்பட்டிருக்கும். பழைய எண்ணிக்கையோடு சேமிக்கப்பட்ட பயனர் சரியான கடவுச்சொல்லைத் தந்து உள்நுழையும் தருணத்தில், ஜாங்கோ புதிய எண்ணிக்கையில் மறுபடி ஹாஷ் செய்து, பாஸ்வேர்ட் புலத்தை மட்டும் சேமிக்கும். அந்தச் சேமிப்பும் உங்கள் சேவ் வழியாகவே போகும். பதிப்பை உயர்த்திய அன்று அனைவரும் வழக்கம்போல உள்ளே வருவார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்தமுறை உள்நுழைய முயலும்போது ஒருவராலும் முடியாது. பதிப்பு உயர்வுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை அப்போது கண்டுபிடிப்பது எளிதாக இராது.

ஆகவே சேவ் மெத்தடிலிருந்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். சரிபார்ப்பு என்பது மனிதர் தட்டச்சு செய்த சொல்லைப் பற்றியது. அது படிவத்திலோ, ஏபிஐக்கு வரும் தரவைப் பெற்றுச் சோதிக்கும் சீரியலைசரிலோ, அந்தச் சொல் நிரலுக்குள் நுழையும் இடத்தில் நடக்க வேண்டும். ஹாஷ் செய்வது செட்_பாஸ்வேர்ட் என்ற ஒரே வாயில் வழியாக நடக்க வேண்டும். ஜாங்கோவில் ஏபிஐ எழுதப் பயன்படும் ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதுகிறீர்கள் என்றால், சீரியலைசரின் கிரியேட் மெத்தட் புதிய பயனரை மேனேஜரின் கிரியேட்_யூசர் மூலம் உருவாக்கட்டும். அப்டேட் மெத்தடில் பாஸ்வேர்ட் என்ற சாவி வந்திருந்தால் அதைத் தனியே பிரித்தெடுத்துச் செட்_பாஸ்வேர்டிடம் கொடுங்கள். கடவுச்சொல் மாற்றத்தைச் சுயவிவரத் திருத்தத்திலிருந்து முற்றிலும் பிரித்து, பழைய கடவுச்சொல்லையும் கேட்டுவாங்கும் தனி முகவரியாக வைப்பது இன்னும் நல்லது. சீரியலைசரில் அந்தப் புலத்துக்கு ரைட்_ஒன்லி என்ற அடையாளம் இட மறந்தால், பதிவு முடிந்ததும் வரும் விடையிலேயே ஹாஷ் வெளியே போய்விடும். நிர்வாகப் பக்கத்திலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு: சொந்தப் பயனர் மாடலைச் சாதாரண மாடல்அட்மின் கொண்டு பதிவு செய்தால், அங்கே பாஸ்வேர்ட் புலம் வெறும் எழுத்துப் பெட்டியாகத் தோன்றும், அதில் தட்டச்சு செய்வது அப்படியே திறந்த எழுத்தில் தரவுத்தளத்துக்குப் போகும். யூசர்அட்மினைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி சரிபார்ப்பு. ஜாங்கோ 1.9 முதல், அதாவது 2015 டிசம்பர் முதல், இதற்கென ஒரு தொகுதி உள்ளேயே இருக்கிறது. ஆத்_பாஸ்வேர்ட்_வேலிடேட்டர்ஸ் என்ற அமைப்பில் நான்கு வேலிடேட்டர்களை அடுக்கலாம்: பயனரின் பெயர், மின்னஞ்சல் போன்றவற்றோடு ஒத்திருக்கிறதா, குறைந்தபட்சம் 8 எழுத்துகள் உள்ளனவா, மலிந்துபோன 20,000 கடவுச்சொற்களின் பட்டியலில் இருக்கிறதா, முழுக்க எண்களால் ஆனதா என்று அவை பார்க்கும். புதிய திட்டத்தைக் கட்டளை மூலம் தொடங்கினால் நான்கும் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டே வரும். ஆனால் அந்த அமைப்பின் இயல்பு மதிப்பு வெற்றுப் பட்டியல். பழைய திட்டத்திலிருந்து கோப்பை நகலெடுத்தவர்களுக்கு எந்தச் சரிபார்ப்பும் ஓடாது, பிழைச் செய்தியும் வராது. இன்னொன்று, இந்த வேலிடேட்டர்கள் ஜாங்கோவின் சொந்தப் படிவங்களிலும் கட்டளை வரியிலும்தான் தாமாக ஓடுகின்றன. கிரியேட்_யூசரோ செட்_பாஸ்வேர்டோ அவற்றை அழைப்பதில்லை. இது குறையல்ல, அந்த மட்டத்தில் பேசுவது பயனரல்ல, நிரலாளர் என்ற எண்ணத்தில் வேண்டுமென்றே செய்யப்பட்டது. எனவே உங்கள் சீரியலைசரில் வேலிடேட்_பாஸ்வேர்டை நீங்களே அழைக்க வேண்டும். அழைக்கும்போது இரண்டாவது மதிப்பாகப் பயனர் ஆப்ஜெக்டையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒப்புமை பார்க்கும் வேலிடேட்டர் ஒப்பிட ஆளில்லாமல் சும்மா திரும்பிவிடும். பதிவின்போது பயனர் இன்னும் தரவுத்தளத்தில் இல்லையே என்றால், சேமிக்காத ஒரு ஆப்ஜெக்டைப் பெயரும் மின்னஞ்சலும் இட்டு உருவாக்கித் தந்தால் போதும்.

பெரிய எழுத்து, எண், குறியீடு என்ற விதியை நீக்கிவிடுவதே என் பரிந்துரை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டி இத்தகைய கலவை விதிகள் வேண்டாம் என்றது. 2025-இல் வந்த அதன் திருத்தம் அவற்றைத் திட்டவட்டமாகத் தடுக்கிறது, கடவுச்சொல் ஒன்றே பாதுகாப்பாக உள்ள இடங்களில் குறைந்தபட்ச நீளம் 15 என்கிறது. காரணம் எளியது. விதியைக் கண்டதும் மக்கள் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு எண்ணையும் ஆச்சரியக்குறியையும் ஒட்டுகிறார்கள். அந்தப் பழக்கம் கடவுச்சொல்லை உடைக்கும் மென்பொருள்களுக்கு நன்றாகவே தெரியும். நீளத்தைக் கூட்டுவதும், ஏற்கெனவே கசிந்த சொற்களை மறுப்பதும் அதைவிடப் பயன் தரும். கசிந்தவற்றைப் பார்க்க ஹேவ் ஐ பீன் போன்ட் சேவையை ஒரு வேலிடேட்டராக எழுதி இணைக்கலாம். கடவுச்சொல்லின் ஷா-1 ஹாஷில் முதல் 5 பதினறும எழுத்துகளை மட்டும் அனுப்பினால், அவற்றில் தொடங்கும் எல்லா ஹாஷ்களின் வால்பகுதிகளும் திரும்ப வரும். ஒப்பீடு உங்கள் சர்வரிலேயே நடக்கும், சொல் வெளியே போகாது.

உங்கள் பயனர்களில் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இருந்தால் இந்தக் கலவை விதி இன்னொரு வகையிலும் பொருந்தாது, தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அவர்களுக்காக நீளத்தையும் சற்று யோசிக்க வேண்டும். பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளை. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல. ‘தென்காசி’ என்று எழுதினால் நமக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கு எட்டு. ஆகவே ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே 8 என்ற குறைந்தபட்ச நீளத்தைத் தாண்டிவிடும், ஜாங்கோவோடு வரும் பட்டியலும் அதைத் தடுக்கப்போவதில்லை. காமன்பாஸ்வேர்ட் வேலிடேட்டர் சொந்தப் பட்டியலின் கோப்புப் பாதையை ஏற்கும் என்பதால், ஊர்ப்பெயர்கள், ஆட்பெயர்கள், பிரபலமான திரைப்பெயர்கள் கொண்ட ஒரு தமிழ்க் கோப்பைச் செய்துகொள்ளுங்கள். பாதையைத் தந்தால் இயல்பான பட்டியல் விடுபட்டுவிடும். அதனால் அந்த வேலிடேட்டரை அமைப்பில் இரண்டு முறை, ஒன்று பாதையோடும் ஒன்று பாதையில்லாமலும் எழுதுங்கள்.

தமிழில் இன்னொரு நுட்பமான சிக்கல் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் இருக்கிறது. ‘கொடி’ என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்ற இரண்டு புள்ளிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, பைட்டுகள் வேறு, எனவே ஹாஷும் வேறு. ஒரு விசைப்பலகையில் பதிவு செய்தவர் வேறொரு விசைப்பலகையில் உள்நுழைய முடியாமல் போனால், அவரிடம் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டச்சு செய்யுங்கள் என்று சொல்வது அநியாயம். ஜாங்கோ பயனர்பெயரை என்எஃப்கேசி என்ற யூனிகோட் முறையில் ஒரே வடிவத்துக்கு ஒழுங்குபடுத்துகிறது, கடவுச்சொல்லைத் தொடுவதில்லை. நிஸ்ட் வழிகாட்டி கடவுச்சொல்லையும் ஹாஷ் செய்யுமுன் அவ்வாறு ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. உங்கள் பயனர் மாடலில் செட்_பாஸ்வேர்ட், செக்_பாஸ்வேர்ட் இரண்டையும் மேலெழுதி, பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியால் ஒழுங்குபடுத்திய சரத்தையே மூல மெத்தடுக்கு அனுப்புங்கள். வெறும் ஆங்கில எழுத்துகளை இது மாற்றாது. முன்பே தமிழில் கடவுச்சொல் வைத்தவர்கள் இருந்தால், ஒழுங்குபடுத்திய வடிவம் பொருந்தாதபோது மூல வடிவத்தையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் இதற்கு நெருக்கமான ஒரு தொல்லை உண்டு: அதன் எழுத்துப் புலம் இருபுறமும் உள்ள வெற்றிடங்களைத் தானாகவே நறுக்கிவிடும். ஜாங்கோவின் உள்நுழைவுப் படிவம் நறுக்காது. ஏபிஐயில் பதிவு செய்து இணையப் பக்கத்தில் உள்நுழைபவரின் கடவுச்சொல் இறுதியில் ஒரு வெற்றிடம் இருந்தால் பொருந்தாமல் போகும். சீரியலைசரில் ட்ரிம்_ஒயிட்ஸ்பேஸ் என்பதற்குப் பொய் மதிப்பு தந்துவிடுங்கள்.

இனி ஷா-256 பற்றி. அது மோசமான முறை அல்ல. மிக வேகமானது, இந்தப் பணிக்கு அந்த வேகமே குற்றம். இன்றைய ஒரு வரைகலை அட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி ஷா-256 கணக்குகளைப் போடும். தரவுத்தளம் கசிந்தால், மனிதர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் சொற்களில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து 2012-இல் வெளிவந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் சால்ட் (ஹாஷ் செய்யுமுன் சேர்க்கும் தற்போக்கான சரம்) இல்லாத ஷா-1. ஒரே கடவுச்சொல்லை வைத்த அனைவருக்கும் ஒரே ஹாஷ் இருந்ததால், ஒன்றை உடைத்தால் அனைவரும் உடைந்தார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தனி சால்ட் என்ற யோசனை ஒன்றும் புதிதல்ல. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் எழுதிய கட்டுரையிலேயே 12 பிட் சால்ட்டும், வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட கணக்கும் விளக்கப்பட்டுவிட்டன.

ஜாங்கோ இவ்விரண்டையும் தானே செய்கிறது. பாஸ்வேர்ட் புலத்தில் நீங்கள் காணும் நீண்ட சரம் டாலர் குறிகளால் நான்காகப் பிரிக்கப்பட்டது: முறையின் பெயர், சுழற்சி எண்ணிக்கை, சால்ட், ஹாஷ். சால்ட் 3.2 பதிப்பிலிருந்து 128 பிட் அளவுடையது. அது ரகசியமல்ல, ஹாஷுக்கு அருகிலேயே இருப்பதில் தவறில்லை. அதை உங்கள் ஜாங்கோ அமைப்பிலுள்ள ரகசியச் சாவியான சீக்ரட்_கீயிலிருந்து உருவாக்க வேண்டும் என்று சிலர் சொல்வது தேவையற்ற வேலை. இயல்பான முறை ஷா-256-ஐத் திரும்பத் திரும்ப ஓட்டும் பிபிகேடிஎஃப்2. அது ஜாங்கோவுக்கு வந்தது 2012-இல், 1.4 பதிப்பில், அப்போது சுழற்சி 10,000. 4.2 பதிப்பில் 6,00,000, 5.2 பதிப்பில் 10,00,000. வன்பொருளின் வேகத்தோடு இந்த எண்ணும் ஏறிக்கொண்டே வருகிறது, அதனால்தான் எண்ணிக்கை சரத்துக்குள்ளேயே எழுதப்படுகிறது, அதனால்தான் உள்நுழையும்போது தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

ஹாஷ் முறைகளை அடுக்கும் பாஸ்வேர்ட்_ஹாஷர்ஸ் பட்டியலில் முதலில் நிற்பது புதிதாக எழுதுவதற்கு. மற்றவை பழையதை வாசிப்பதற்கு. 2015-இல் நடந்து முடிந்த பாஸ்வேர்ட் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2-ஐ முதலில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைக்கலாம், அதற்கு ஆர்கான்2-சிஎஃப்எஃப்ஐ தொகுப்பை நிறுவ வேண்டும். அது நினைவகத்தையும் தின்பதால் வரைகலை அட்டைகளுக்கு மிகக் கடினமான எதிரி. ஆனால் ஜாங்கோ அதற்கு வைத்திருக்கும் அளவு ஒரு கணக்குக்கு 102400 கிபிபைட், அதாவது 100 மெபிபைட். 1 ஜிபி நினைவகமுள்ள சிறிய சர்வரில் நான்கு பிராசஸ்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு த்ரெட்கள் என்று ஓட்டினால், எட்டு பேர் ஒரே கணத்தில் உள்நுழையும்போது 800 மெபிபைட் அதற்கே போய்விடும். அப்படிப்பட்ட சர்வரானால் ஹாஷர் வகுப்பை நீட்டித்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் பிபிகேடிஎஃப்2-இலேயே இருங்கள். அதனால் தலை போய்விடாது. பிகிரிப்ட் என்ற மெதுவான ஹாஷ் முறையை விரும்பினால் பிகிரிப்ட்ஷா256 வகையை எடுங்கள். மூல பிகிரிப்ட் முதல் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தமிழில் ஒரு புள்ளிக்கு 3 பைட் என்பதால் அது வெறும் 24 புள்ளிகள், பத்துப் பன்னிரண்டு எழுத்துகளோடு முடிந்துவிடும்.

நல்ல ஹாஷ் மட்டும் போதாது என்பதற்கு 2015-இல் கசிந்த ஆஷ்லி மேடிசன் தளம் நல்ல சான்று. அங்கே கடவுச்சொற்கள் பிகிரிப்ட்டில், 12 என்ற உயர்ந்த விலையோடு (கணக்கை மெதுவாக்கும் அளவு) சேமிக்கப்பட்டிருந்தன. ஆனால் நிரலின் வேறொரு மூலையில், தானியங்கி உள்நுழைவுக்கான ஒரு சாவியைப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சிறிய எழுத்தாக்கி, எம்டி5 என்ற மிக வேகமான பழைய ஹாஷ் முறையில் உருவாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கவாசல் வழியே 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் சில நாள்களில் உடைக்கப்பட்டன. உங்கள் நிரலிலும் மூலச் சொல் வேறெங்கே நிழல் விடுகிறது என்று தேடுங்கள்: கோரிக்கையின் உடலை முழுதாக எழுதும் லாக் கோப்பு, பிழை அறிக்கை அனுப்பும் சேவை, பின்னணி வேலைகளுக்கான வரிசை. பதிவு, உள்நுழைவு செய்யும் வியூக்களில் சென்சிட்டிவ்_போஸ்ட்_பாராமீட்டர்ஸ் என்ற டெக்கரேட்டரை இட்டால் ஜாங்கோவின் பிழை அறிக்கைகளில் அந்த மதிப்பு மறைக்கப்படும். மற்ற கருவிகளை நீங்களே அடக்க வேண்டும்.

கடவுச்சொல்லுக்கு மேல்வரம்பு வேண்டுமா என்றால், தாராளமாக, 128 அல்லது 256 என்று ஏதேனும் வையுங்கள். 2013 செப்டம்பரில், மிக நீளமான கடவுச்சொற்களை அனுப்பி ஜாங்கோ சர்வரைத் திணறடிக்க முடியும் என்று தெரிந்து, முதலில் 4096 பைட் என்ற வரம்பு இடப்பட்டது. அடுத்த மாதம் பிபிகேடிஎஃப்2 நிரலையே திருத்தி அந்த வரம்பை நீக்கினார்கள். உள்நுழைவு முயற்சிகளின் எண்ணிக்கையை ஜாங்கோ கட்டுப்படுத்துவதில்லை. ஜாங்கோ-ஆக்ஸஸ் போன்ற தொகுப்போ முன்னால் நிற்கும் சர்வரோ அதைச் செய்ய வேண்டும். சோதனை அமைப்பில் மட்டும் வேகத்துக்காக எம்டி5 ஹாஷரை வைப்பது வழக்கம். அந்த வரி உண்மையான அமைப்புக் கோப்புக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன கணக்குகளைத் திருத்துவது மிச்சம். இரட்டை ஹாஷை மீட்க வழியில்லை, உள் ஹாஷின் சால்ட் அழிந்துவிட்டது. அவர்களுக்குக் கடவுச்சொல் மீட்டமைப்பு மின்னஞ்சல்தான் அனுப்ப வேண்டும். அதற்கு முன்னேற்பாடாக, கடவுச்சொல்லைப் பயன்படாததாகக் குறிக்கும் செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்டை அழைத்துவிடாதீர்கள். ஜாங்கோவின் மீட்டமைப்புப் படிவம் அத்தகைய கணக்குகளுக்கு மின்னஞ்சலே அனுப்பாது, பிழையும் காட்டாது. கெட்ட ஹாஷை அப்படியே விட்டுவிடுவது மேல். நிர்வாகப் பக்கம் வழியாகத் திறந்த எழுத்தில் சேமிக்கப்பட்டவை உண்டா என்றும் பாருங்கள், அவற்றின் தொடக்கத்தில் முறையின் பெயர் இராது. அவற்றை ஒரு தரவு மைக்ரேஷனில் (தரவுத்தளத்தில் உள்ளதை ஒருமுறை ஓடி மாற்றும் நிரல்) ஹாஷ் செய்யுங்கள். மைக்ரேஷனுக்குள் கிடைக்கும் மாடலுக்குச் செட்_பாஸ்வேர்ட் மெத்தட் இருக்காது, ஆகவே அங்கே மட்டும் மேக்_பாஸ்வேர்டை நேரடியாக அழைக்க வேண்டும். பழைய பேக்கப்களில் அந்தச் சொற்கள் இன்னும் இருக்கும் என்பதால் அந்தப் பயனர்களும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் சேவ் மெத்தட் திருத்தப்பட்டு, திருத்திய நிரல் சர்வரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்னஞ்சல் முதலில் போய்விட்டால், மீட்டமைப்புப் படிவம் செட்_பாஸ்வேர்டை அழைத்துச் சேமிக்கும், பழைய சேவ் அதையும் இன்னொருமுறை ஹாஷ் செய்யும், அதே பயனர் அன்றே உங்களுக்கு மறுபடி எழுதுவார்.